சரக்கின் பெயர்

பெருமாள்மலை செக்போஸ்டில் சரக்கின் பெயர் கேட்டார்கள்.
படகு என்றால் துடுப்பு எங்கே என்பார்கள்.
விமானம் என்றால் இறக்கை எங்கே.
பறக்கும் படகு என்று எந்த ரசீதிலும் கட்டம் இல்லை.
லாரி ஓட்டிய இன்னாசி தலையை நீட்டி
"பழைய இரும்பு, சார்" என்றான்.
குண்டுமணி இரும்பு கிடையாது அதில், அத்தனையும் அலுமினியம்.
நான் திருத்தவில்லை. மழை பிடிக்கும் முன்
இன்னும் பதினொரு வளைவு பாக்கி.

பூம்பாறைக்கு மேலே, படிவயல்களின் விளிம்பில்
கவிழ்ந்து கிடந்தது, வயிறு வானத்தைப் பார்க்க.
தண்ணீரில் இறங்கவென்றே செய்த வயிறு.
யுத்தத்தின்போது கொச்சியில் கிளம்பி, வழி தவறி,
மலைக்கு நடுவே தெரிந்த வெளுப்பை
ஏரி என்று நம்பி இறக்கினார்களாம்.
வெளுப்பு வெறும் பனி. அடியில் உருளைக்கிழங்கு.
ஒன்பது பேரில் ஆறு பேர் நடந்தே கொடைக்கானல் போனார்கள்.
மூன்று பேரை மட்டக்குதிரைகள் சுமந்தன.

என்ஜின்களைப் பட்டாளம் அந்த வருஷமே கழற்றிக்கொண்டது.
மிச்சத்தை ஊர் எடுத்துக்கொண்டது.
மிதவை, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி.
இறக்கைத் தகடு, ஓடைக்குக் குறுக்கே பாலம்
(ஆடுகள் மட்டும் அதில் ஏறாது, சத்தம் பிடிக்காது).
துப்பாக்கிக்காரன் உட்கார்ந்த கண்ணாடிக் குமிழுக்குள்
அடைக்கோழி.
உடல், பூவாயியின் பூண்டுக் கொட்டகை.

பூவாயி விலை பேசவில்லை.
"இதே வளைவுல ஒண்ணு போட்டுக் குடுங்க.
தகரம் தட்டையா இருந்தா தண்ணி நிக்கும்,
பூண்டு முளைச்சிரும்."
மியூசியத்தின் ஒப்பந்தத்தில் வளைவைப் பற்றி ஒரு வரி இல்லை.
எட்டு நாள் அவளுக்குத் தகரம் வளைத்தேன்.
அப்புறம்தான் ரிவெட்டைத் தொட்டேன்.

தலையை மட்டும் துளைத்து, கழுத்தில் நிறுத்தி,
ஒரே தட்டு.
சரியாக விழுந்தால் டிக் என்று கழன்றுவிடும்.
தப்பாக விழுந்தால் தகடு அதை மறக்காது.
நாலாயிரத்து இருநூறு.
எண்ணினேன், கூலி எண்ணிக்கைக்குத்தான்.

உள்ளே, விலாச் சட்டங்களுக்கு நடுவில், கோடுகள்.
நாலு நிற்க, ஒன்று குறுக்கே படுக்க.
பென்சிலில் இருப்பவை யாரோ ரோந்து பறந்த இரவுகள்.
பக்கத்திலேயே கரியில் மூட்டைகள்,
'சடையாண்டி பாக்கி 6',
ஒரு சேவல் படம்.
கரியை அழித்துப் பென்சிலை வைக்கச் சொன்னார்
காப்பாளர் ரெஜினா மேடம். நல்லவர்.
அசல் நிலைக்குக் கொண்டுவரணும் என்றார்.

அசல் எது மேடம்?
பறந்தது பதினாலு மாதம்.
பூண்டு காத்தது எழுபத்தெட்டு வருஷம்.
கேட்கவில்லை; மனதுக்குள் கணக்குப் போட்டதோடு சரி.
சேவலில் ஆரம்பித்தேன்.
வால்பக்கம் ஒரு மூலையில் கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.
கரியா பென்சிலா, லென்ஸ் வைத்தும் பிடிபடவில்லை.
இரவுகளோ மூட்டைகளோ, இருபத்திமூன்று.
பஞ்சைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.
போனவன் அந்த மூலைக்குத் திரும்பவே இல்லை.

இப்போது கடற்கரையில், கூரைக்கடியில்,
சாம்பல் பெயிண்டில் நிமிர்ந்து நிற்கிறது.
வெள்ளைப்பொடி பூத்த தகடுகளை மூன்று முறை கழுவினோம்,
ஸ்பிரிட், சோப்பு, வெயில்.
ஐப்பசி பிறந்தால் போதும், ஈரக்காற்று பட்டு
ரிவெட் ரிவெட்டாக வாசனை வெளியே வருகிறது.
'உள்ளே யாரோ சமைக்கிறார்கள், நடவடிக்கை தேவை'
என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தது.
கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் மோந்து பார்த்தேன்.
நல்ல மலைப்பூண்டு. வேறு கோளாறு இல்லை.

பூவாயி போன வாரம் போன் செய்தாள்.
மேகாற்றில் புதுக் கொட்டகையின் ஒரு தகரம்
பிய்த்துக்கொண்டதாம்.
"பறந்துச்சா?" என்றேன்.
"கொஞ்சம்" என்றாள்.